குளிர் மலையில் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் பாய்ச்சிய கதை

மலேசியாவின் கேமரன் மலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வரும் கோளாறுகளில் முக்கால்வாசி ஈரத்தால் வருபவை. மீதி கால்வாசி வாடிக்கையாளரின் சொந்தக்காரர்களால் வருபவை. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிஞ்சாங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் என் கடை. கீபோர்டில் பூஞ்சை, மதர்போர்டில் துரு, பிரிண்டருக்குள் எறும்புக் கூடு எல்லாம் எனக்கு அன்றாடம். கம்ப்யூட்டர் சூடாகிறது என்று மட்டும் யாரும் படியேறி வந்ததில்லை. இந்த ஊரில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்வதே கதகதப்புக்காகத்தான். அப்படி ஒரு கேஸ் ஒருநாள் வந்து சேர்ந்தது. அந்தப் பெட்டி என் மேசையில் கிடந்த நாட்களில் அதைச் சுற்றி நடந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலாளி எங்கே?

முதலில் என்னைப் பற்றி. நான் பெண். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடைக்கு வருபவர்கள் முதலில் கவனிப்பதும் கடைசிவரை மன்னிக்காததும் இதைத்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் அலமாரியைப் பார்த்தார். கழிவறைக் கதவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெக்கானிக் வெளிய போயிருக்காராம்மா?" என்றார். நான்தான் மெக்கானிக் என்றேன். சிரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார்.

அவர் காத்திருக்கும்போதே பிரிண்டரைப் பிரித்து, எறும்புக் கூட்டை எடுத்து, துடைத்து, பூட்டி, ஒரு பக்கம் அச்சடித்தும் காட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கணேசன் சோற்றுப் பொட்டலத்தோடு மேலே ஏறி வந்தார். அவர் கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூருக்கு, எங்கள் பேச்சில் கே.எல்.லுக்கு, காய்கறி லோரி ஓட்டுபவர். கைப்பேசியில் அலாரம் வைப்பதற்கே என்னைக் கூப்பிடுவார். கிராணி எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி. பாப்பாவும் கூடமாட ஒத்தாசையா இருக்குது."

குளிர் ஊரில் காய்ச்சல்

சூடாகும் பெட்டியோடு படியேறி வந்தவள் யமுனா. தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண். அப்பா இல்லை. அம்மா செல்லம்மா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்கிறார். யமுனாவுக்கு வேலை கொடுப்பது கே.எல்.லில் ஒரு கம்பெனி. இன்னும் கட்டாத பங்களாக்களைக் கட்டி முடித்தது போல் படம் செய்து கொடுப்பாள். நீச்சல் குளம், பளிங்குத் தரை, சோபாவில் பூனை எல்லாம் இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே, லைன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து இவ்வளவும் செய்கிறாள். ஒரு படத்தைத் தெளிவாக்கி முடிக்க கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க ஓட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

"நான் முன்னால உக்காந்திருந்தா நிக்காதுக்கா. ஓடவிட்டுட்டு ரூம்ல போய்ப் படுத்தா, காலையில பொட்டி செத்துக் கெடக்கும்" என்றாள். பெட்டிக்குள் பதிவாகியிருந்த குறிப்பைப் பார்த்தேன். சூடு தாங்காமல் தானே அணைந்துகொண்டிருக்கிறது. என் கடையில் நாள் முழுக்க ஓடவிட்டேன்; ஆற்றில் கிடந்த கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. நிபுணர்கள் இப்படிப்பட்ட இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? நீண்ட நேரம் ஓடும்போது உள்ளே சூடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்குகிறது என்று சொன்னேன். அவளும் இணையத்தில் எதையோ பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஹைப்ரிட் முறை. அதிகம் கொதிக்கும் இரண்டு உறுப்புகளின் மேல் குழாய் வழியாகத் தண்ணீரைச் சுற்றவிட்டு, மேலே ரேடியேட்டரில் ஆறவைத்து, மற்றதெல்லாம் பழையபடி விசிறிக் காற்றுக்கு விட்டுவிடுவது. பாதி தண்ணீர், பாதி காற்று. இப்படி ஒன்றைக் கட்ட வேண்டும் என்று எனக்கும் வெகுநாள் ஆசை. இந்தக் குளிரில் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? அவள் கேட்டு முடிக்கும் முன்னே தலையாட்டிவிட்டேன்.

கம்பெனியில் கெடு வைத்திருந்தார்கள். மாசக் கடைசிக்குள் படங்கள் ஒழுங்காக வராவிட்டால் கே.எல்.லுக்கே வந்து ஆபீசில் உட்கார வேண்டும். பெட்டியை என் மேசையில் விட்டுவிட்டுக் கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

"நான் கீழ போயிட்டேன்னா அம்மா அந்த வீட்ல தனியா கெடப்பாங்கக்கா. அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

மலைத் தண்ணி

ரேடியேட்டர், கைக்குள் அடங்கும் பம்ப், கண்ணாடித் தொட்டி, குழாய்கள் எல்லாம் தபாலில் வந்தன. கூடவே குழாயில் ஊற்றுவதற்கென்று தயாரித்த தண்ணீர், ரெண்டு பாட்டில். அன்றைக்குப் பார்த்து ராமையா அண்ணன் வந்திருந்தார். லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் போடுகிறவர். முட்டைக்கோஸைத் திருடுகிறார்கள் என்று கேமரா வைத்தார். அந்தக் கேமராவுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று கொண்டுவந்தார்.

"இது என்னம்மா?"

"தண்ணிண்ணே. கம்ப்யூட்டருக்கு ஊத்துறது."

"வாங்குனியா?"

"ஆமாண்ணே."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் பண்ணைக்குப் பின்னால் மலையிலிருந்து இழுத்த ரப்பர் குழாயில் இரவு பகலாகத் தண்ணீர் கொட்டுகிறது. அதை மூடுவதற்குக் குழாய்ப் பிடிகூட வைக்கவில்லை. அந்த மலையில் ஒருத்தி தபாலில் தண்ணீர் வரவழைக்கிறாள். நான் பொறுமையாக விளக்கினேன். மலைத் தண்ணீரில் மண்ணும் உப்பும் இருக்கும், கொஞ்ச நாளில் குழாய்க்குள் பாசி பிடிக்கும், தலைமுடி போன்ற மெல்லிய வழிகள் அடைத்துக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னேன். பூச்சிமருந்து விற்க வந்தவன் பேச்சைக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டார்.

"நாங்க பொறந்ததுலேருந்து அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோம். எங்களுக்கு அடைக்கலயே லா."

எத்தனை ஏக்கர்?

தபாலில் எல்லாம் வந்தது, பம்பையும் தொட்டியையும் சேர்க்கும் இடத்தில் போடும் ரப்பர் வளையம் மட்டும் வரவில்லை. விரல் நுனியில் நிற்கும் சாமான். இன்னொன்று மலைக்குக் கீழேயிருந்து வந்து சேரும்வரை மாசக் கடைசி எனக்காகக் காத்திருக்காது. கியா பார்ம் பக்கம் விவசாயச் சாமான் கடை ஒன்று இருக்கிறது. மருந்தடிக்கும் பம்புகளுக்கு உதிரி விற்பார்கள். அங்கே போனேன்.

கடை முதலாளியைத் தவுக்கே என்று கூப்பிடுவோம்; சீனர், தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவார். என் பம்பை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "என்ன போட்டிருக்க, காயா, பூவா?" என்றார். கம்ப்யூட்டர் என்றேன். புதிதாக ஏதோ பயிர் வந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, மேலே கேட்கவில்லை. டின்னைக் கவிழ்த்துக் கிளறி, நான் தேடிய வளையத்தை எடுத்துத் தந்தார். கச்சிதமாகப் பொருந்தியது. நன்றி சொல்லிவிட்டு நான் படி இறங்கும்போது பின்னாலேயே வந்தார்.

"கம்ப்யூட்டர் போடு, பரவால்ல. ஆனா இந்தப் பம்ப்பு பத்தாது லா. அரை ஏக்கருக்கே பெருசு வேணும்."

எடுத்த இடத்தில்

குழாயெல்லாம் பூட்டியதும் உடனே கம்ப்யூட்டரைப் போட்டுவிடக் கூடாது. பம்பை மட்டும் நாள் முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு டிஸ்யூ பேப்பரை மடித்து வைக்க வேண்டும். எந்த டிஸ்யூ நனைகிறதோ அந்த இணைப்பு ஒழுகுகிறது என்று அர்த்தம். எத்தனையோ பேர் இந்தப் பரீட்சையில் தோற்று மதர்போர்டைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். உங்களில் சிலர் இதைப் படிக்கும்போதே நெளிவது எனக்குத் தெரிகிறது.

சாப்பாட்டுக்குக் கீழே போய்விட்டு வந்தேன். ரேடியேட்டருக்குக் கீழே வைத்த டிஸ்யூ சொதசொதவென்று நனைந்திருந்தது. பம்பை நிறுத்தி, தண்ணீரை வடித்து, எல்லா இணைப்பையும் கழற்றி, வளையங்களை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் பழுதில்லை. திரும்பப் பூட்டினேன். மறுபடி டிஸ்யூ அடுக்கினேன். பொழுது சாயும்வரை ஒரு சொட்டு இல்லை. எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது கோயில் கமிட்டிச் செயலாளர் வந்தார். திருவிழா நோட்டீஸ் லேப்டாப்பில் மாட்டிக்கொண்டதாம். மத்தியானமே ஒரு தரம் வந்தாராம், நான் இல்லையாம். மூடுபனியில் மோட்டாரில் வந்ததில் ஹெல்மெட் கண்ணாடியில் ஒரே ஈரமாம்.

"டிஸ்யூவ அழகா மடிச்சு வச்சிருந்தீங்க. ஒண்ணு எடுத்துத் தொடச்சிட்டு, எடுத்த எடத்துலயே வச்சிட்டேன்."

ஒப்படைப்பு

வேலை முடிந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, பார்க்க அழகாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் குழாய்கள் நேர்கோட்டில் இறங்கி வளைந்து ஏறின, இளம்பச்சை நிறத்தில் தண்ணீர் ஓடியது. யமுனா அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். செல்லம்மாக்கா பெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"உள்ள என்னம்மா ஓடுது?"

"தண்ணிக்கா."

"ராத்திரிலயுமா?"

"ராத்திரிலதான்க்கா முக்கியமா ஓடணும்."

அவர் சால்வையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டு, பெட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஐயோ பாவம், இந்தக் குளிர்ல."

மறுபடியும்

அந்த வாரமே போன் வந்தது. பழையபடி நின்றுவிட்டதாம். முன்னைவிடச் சீக்கிரமே நிற்கிறதாம். யமுனா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கம்பெனியில் இடம் பார்த்து வைத்துவிட்டார்கள், துணி எடுத்து வைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். பெட்டியை வரவழைத்து ஓடவிட்டேன். கடையில் மறுபடியும் ஆற்றுக் கல். பம்ப் ஓடுகிறது, தண்ணீர் சுற்றுகிறது, சூடு ஏறவே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய சாமான் என் முன்னால் யோக்கியமாக நடந்துகொண்டு, அந்தப் பெண்ணை மட்டும் ஊரைவிட்டுத் துரத்துகிறது.

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கணேசன் என் தட்டிலிருந்த மீனையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"லோரியும் ஒர்க்ஷாப்ல நல்ல புள்ள மாதிரிதான் ஓடும். அது ரோசாக் ஆயி நிக்கிற எடத்துல போய்ப் பாரு."

கம்பளி

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஒரு பக்கம் செல்லம்மாக்காவின் கட்டில், அதன் தலைமாட்டில் கம்ப்யூட்டர் மேசை. நல்ல பிளக் அங்கேதான் இருக்கிறது என்று யமுனா சொன்னாள். மூலையில் ஒரு பை பாதி நிரம்பி, வாய் திறந்து நின்றது. யமுனா ஒரு பெரிய பங்களாவை ஓடவிட்டாள். நானும் அவளும் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு குறையும் இல்லை. அதற்குள் வெளியே மூடுபனி இறங்கிவிட்டது. செல்லம்மாக்கா பின்பக்க அடுப்படியிலிருந்து டீ குடிக்கக் கூப்பிட்டார். போனோம். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, சன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று அவர் ஹாலுக்குப் போனார்.

வடையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது விசிறிச் சத்தம் மாறியது. முதலில் உறுமியது. பிறகு தலையணைக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. இரண்டு பேரும் ஓடினோம். பெட்டியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் இரண்டு கனத்த கம்பளிகள், காய்ச்சல் பிள்ளைக்குச் சொருகுவது போல நாலு பக்கமும் இறுக்கிச் சொருகப்பட்டிருந்தன. ரேடியேட்டர், விசிறி, நான் வளைத்து வளைத்துப் பூட்டிய குழாய் எல்லாம் உள்ளே. செல்லம்மாக்கா சன்னல் கொக்கியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?" என்றாள் யமுனா.

"மூடுபனி எறங்குதில்ல. தெனமும் நீ படுத்தப்புறம் போத்தித்தான் விடறேன். சளி புடிச்ச புள்ள மாதிரி பக்கத்துல கெடந்து இரைக்குது, எனக்கு மனசு கேக்கல. காலையில ஷிப்டுக்குப் போறப்ப மடிச்சு வச்சிட்டுப் போயிருவேன்."

"ரெண்டு கம்பளியாக்கா?" என்று நான் கேட்டேன்.

"மொதல்ல ஒண்ணுதான் போட்டேன். நீதான உள்ள தண்ணி ஓட விட்ட? இன்னும் குளிராதா?"

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போது மூலையில் இருந்த பை கண்ணில் பட்டது. சிரிப்பு அப்படியே உள்ளே போய்விட்டது. யமுனா கம்பளிகளை உருவி மடித்தாள். பெட்டியை மறுபடி போட்டுவிட்டு, தண்ணீர் பிடிக்கும் சாக்கில் பின்பக்கம் போய்விட்டாள். செல்லம்மாக்கா பெட்டியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"நான் போத்துனதாலதான் நின்னுச்சாம்மா?"

ஆமாம் என்பதுதான் பதில். தொழில் தெரிந்த எவரும் அதைத்தான் சொல்வார்கள். "இல்லக்கா. பம்ப்புல காத்து அடைச்சிருந்துச்சு. பூட்டும்போது நான் சரியாப் பாக்கல" என்றேன். "இனிமே நிக்காது. ஆனா தண்ணி ஓடுற பொட்டியப் போத்தக் கூடாது. அது மூச்சு விடணும்."

வாசல்படியில் வாளியோடு நின்ற யமுனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா. எல்லாம் அக்கா மேலதான் தப்பு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. செல்லம்மாக்கா கட்டிலில் உட்கார்ந்து பெரிதாக மூச்சு விட்டார்.

"நல்ல வேளை. எம்புள்ளய நானே கெளப்பி விட்டுட்டேனோன்னு நெஞ்சு அடச்சிப் போச்சு."

கெட்ட பேர்

மாசக் கடைசிக்குள் பங்களாக்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. கம்பெனி, வீட்டிலேயே இருந்து வேலை பார் என்று சொல்லிவிட்டது. பை பரணுக்கு ஏறிவிட்டது. பழைய விசிறியே போதுமாக இருந்திருக்கும் என்று யமுனாவிடம் சொன்னேன். அம்மா காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றாள். அந்த இரண்டு கம்பளிகளும் சும்மா இல்லை. வேலை பார்க்கும்போது அம்மா இரண்டையும் இவள் மேல் போர்த்திவிடுகிறார். கே.எல்.லுக்கு வீடியோவில் பேசும்போது மூக்கும் கண்ணாடியும் மட்டும்தான் தெரிகிறதாம்.

செல்லம்மாக்கா நன்றியுள்ளவர். தோட்டம் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், நான் எவ்வளவு நல்லவள் என்றும், பம்ப் சரியாகப் பூட்டத் தெரியாதவள் என்றும். போன வாரம் கிராணி மறுபடியும் பிரிண்டரோடு வந்தார். கணேசன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கிராணி என்னைத் தாண்டிப் போய் அவர் காதோரம் குனிந்தார்.

"தம்பி, தோட்டத்துல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. இந்தத் தண்ணி வேலையெல்லாம் பாப்பா கையில விடாதீங்க, நீங்களே பாருங்க."

ஆகவே, என்னோடு சேர்ந்து அவதிப்படுபவர்களே, கம்ப்யூட்டர் சூடாகிறது என்று யாராவது படியேறி வந்தால், பெட்டியைத் திறக்கும் முன், அதன் பக்கத்தில் யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.